திரையும் தேர்ச்சியும்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2018ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்துக்கு, ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றும் இரண்டு பெயர்களை ஒருசேர வழங்கிற்று. அவ்வாண்டு ஜனவரியில் நிதி ஆயோக், பின்தங்கிய மாவட்டங்களை உயர்த்த வகுத்த, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்னும் திட்டத்தில் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் ஆகிய இரண்டே. அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த பிளஸ் டூ முடிவுகளில் 97.05 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தின் முதலிடத்தைப் பெற்றதும் இதே விருதுநகர்தான். 2023இல் 97.85 சதவீதத்துடன் அம்முதலிடம் மீண்டும் இம்மாவட்டத்துக்கே வாய்த்தது. வானம் பார்த்த கரிசல் பூமியும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களை நம்பி வாழும் குடும்பங்களும் நிறைந்த ஒரு வட்டாரம், பரீட்சை என்று வந்தால் மட்டும் செல்வச் செழிப்புள்ள நகரங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்றால், அதற்கு ஏதோ ஒரு நீண்ட பயிற்சி முறை காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை.

இத்தகைய பழைய பயிற்சி முறை வேரூன்றிய மண்ணில் இணையவழிக் கற்றல் தளங்கள் வந்து சேர்ந்தபோது நேர்ந்தது என்ன? மாணாக்கர் அத்தளங்களில் காட்டும் ஈடுபாட்டுக்கும் அவர்கள் பெறும் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள உறவு எத்தன்மையது? பல நாட்டு ஆராய்ச்சிகளையும் இவ்வட்டாரத்து வாழ்க்கையின் இயல்பையும் அருகருகே வைத்துப் பார்த்து, தளத்தில் ஒரு மாணாக்கர் கழித்த காலம் கல்வியாக மாறுவதும் மாறாதொழிவதும், அங்கே அவர் தாமே செய்து பார்த்த பயிற்சி எவ்வளவு, அதைத் திருத்திக் கொடுத்தவர் யார் என்னும் இரண்டு வினாக்களையே பொறுத்தது என்று காட்ட முயல்வது இக்கட்டுரை.

பிடியரிசி முதல் திருப்புதல் தேர்வு வரை

விருதுநகரில் கல்வி ஊர்க் கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அவ்வாறு சேர்ந்ததைத் திரட்டிப் பள்ளியை நடத்திய நாடார் சமூகத்தின் ஏற்பாட்டில் வளர்ந்ததே க்ஷத்திரிய வித்தியாசாலை. அங்கே பயின்று, குடும்ப நிலையால் இளமையிலேயே படிப்பை விட நேர்ந்த காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் கிராமந்தோறும் பள்ளியையும் பள்ளிதோறும் மதிய உணவையும் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது தமிழர் யாவரும் அறிந்த சரித்திரம். 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் இட்ட அடித்தளத்தின்மீது எழுந்த தொழில்கள், சில பத்தாண்டுகளுக்குள் கல்லூரிகளையும் எழுப்பின. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியற் கல்லூரி என்று அவை தோன்றிய வரிசையே, வெடிமருந்திலும் உலோகப் பொடியிலும் ஈட்டிய பொருள் எங்கே சென்றது என்பதற்குச் சாட்சி.

இதே தொழில்கள் மற்றொரு புறத்தில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்ததையும் மறைப்பதற்கில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், அதன்பின் 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிவகாசியின் நிலையைக் கண்டு தொடுக்கப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு (சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று விதித்தது அதுவே) ஆகியவற்றின் பயனாகத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பிய பிள்ளைகளுள் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்கள். வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லாத அவர்களைப் பொதுத் தேர்வில் கரையேற்றும் கடமை முழுவதும் உபாத்தியாயரின் தோளிலேயே விழுந்தது.

அக்கடமையை அவர்கள் நிறைவேற்றிய விதம் எளியது, ஆனால் இடைவிடாதது. பள்ளி தொடங்குமுன் காலைச் சிறப்பு வகுப்பு, பள்ளி விட்டபின் மாலை வகுப்பு, நாள் தவறாத ஸ்லிப் டெஸ்ட், அரையாண்டுக்குப் பின் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள், மெல்லக் கற்போர் என்று பிரித்தெடுத்த பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் என்னும் சுருக்கக் குறிப்பு என்று அமைந்த இம்முறையில், மாணவர் எழுதிய ஒவ்வொரு விடைத்தாளும் சிவப்பு மையால் திருத்தப்பட்டு அவர் கைக்கே திரும்பி வந்தது. தவறியதை மீண்டும் எழுதிக் காட்டாமல் அவர் வீடு திரும்ப இயலவில்லை. இது மனப்பாடத்தை வளர்த்தது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும், செய்வதும் திருத்தப் பெறுவதும் ஆகிய இரண்டும் இதன் உயிர்நாடிகளாய் இருந்தன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் தளங்களின் கதை விளங்கும்.

சாதனங்களின் வரவு

மாநிலம் முழுவதிலும் இச்சாதனங்கள் படிப்படியாகவே வந்தன. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2017இல் மத்திய அரசின் தீக்ஷா தளம் அறிமுகமாயிற்று. 2018–19ஆம் கல்வியாண்டில் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடந்தோறும் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீடு, கைப்பேசியைக் காட்டிய மாத்திரத்தில் காணொளியையும் பயிற்சியையும் திறந்துவிடும் வாயிலாக அமைந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டமும், 2023இல் மணற்கேணி என்னும் செயலியும் வந்தன. உயர்கல்வியில், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்னும் திட்டமும், 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளமும் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இடம்பிடித்தன. ஆக, பத்தாண்டுக்குச் சற்று மிகுந்த காலத்துக்குள் ஒரு மாணாக்கரின் படிப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தளம் எதிர்ப்படும் நிலைமை உண்டாகிவிட்டது. எத்தனை பேர் உள்நுழைந்தார்கள், எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்ற கணக்கும் அவற்றோடு கூடவே பிறந்தது.

பதிவாகும் ஈடுபாடும் பதிவாகாத ஈடுபாடும்

மாணாக்கரின் ஈடுபாட்டை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காண்பது கல்வியியலாரின் வழக்கம். பிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகியோர் 2004இல் எழுதிய விரிவான தொகுப்பாய்வுக்குப் பின் இது நிலைபெற்றது: வருகை, பங்கேற்பு, வேலையை முடித்தல் ஆகியவை செயல் சார்ந்தவை, விருப்பும் சலிப்பும் உணர்ச்சி சார்ந்தவை, விளங்காததை விடாமல் ஆராயும் பிரயத்தனம் அறிவு சார்ந்தது. இவற்றுள் தளத்தின் கணக்கேட்டில் ஏறுவது முதற்கூறு மட்டுமே. உள்நுழைந்த தடவைகளைக் கொண்டு ஒரு பிள்ளையின் சிரத்தையை மதிப்பிடுவது, கோயிலுக்குப் போன தடவைகளை எண்ணிப் பக்தியை அளப்பதை ஒக்கும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் ஒன்றே என்று கொள்ளவும் முடியாது.

அத்தொடர்பின் அளவு என்ன என்பதைக் காட்டும் ஆய்வுகள் பல. கனடாவில் ஓர் உயிரியல் பாடத்தின் இணையப் பதிவுகளை ஆராய்ந்த மக்ஃபேடியன், டாசன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், எத்தனையோ பதிவுகளுள் மூன்றே இறுதி மதிப்பெண்ணோடு சிறப்பாகப் பொருந்தின என்று கண்டனர்: விவாதப் பகுதியில் எழுதிய செய்திகள், அனுப்பிய மடல்கள், முடித்த தேர்வுகள். இம்மூன்றும் சேர்ந்து மதிப்பெண் வேறுபாட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் விளக்கிவிட்டன. மூன்றுமே மாணாக்கர் எதையாவது எழுதியோ செய்தோ இன்னொருவர் பார்வைக்கு வைத்த செயல்கள் என்பது கவனிக்கத்தக்கது. கோடிங்கரும் அவருடைய குழுவினரும் ஓர் உளவியல் அறிமுகப் பாடத்தைக் கொண்டு 2015இல் நடத்திய ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கிற்று: காணொளி பார்ப்பதையும் பாடம் படிப்பதையும் காட்டிலும், பயிற்சிகளைச் செய்து பார்ப்பது ஆறு மடங்குக்கு மேல் வலுவாகக் கற்றலோடு தொடர்புற்றிருந்தது. நெதர்லாந்தில் டெம்பெலாரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டதும் இதுவே; எத்தனை முறை சொடுக்கினார்கள் என்ற கணக்கைவிட, இடையிடையே எழுதிய சிறு தேர்வுகளின் விளைவே இறுதித் தேர்ச்சியை நன்கு முன்னறிவித்தது.

ஆயினும் இம்முடிவுகளை எல்லாப் பாடங்களுக்கும் ஒரேபடியாகப் பிரயோகிக்கலாகாது என்று எச்சரிப்பவர்களும் உண்டு. காஷெவிச்சும் பிறரும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒன்பது பாடங்களைத் தனித்தனியே ஆராய்ந்து 2016இல் எழுதியபடி, ஒரு பாடத்தில் தேர்ச்சியைக் காட்டிய அதே பதிவு மற்றொரு பாடத்தில் யாதொன்றையும் காட்டவில்லை. உபாத்தியாயர் தளத்தை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். மிகுதியான பயன்பாடு நன்மையே என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பல நாட்டு மாணாக்கரை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளியில் கணினியை அளவோடு பயன்படுத்தியவர்கள் அரிதாகப் பயன்படுத்தியவர்களைவிடச் சற்று மேம்பட்டிருந்ததையும், மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் மிகவும் பின்தங்கியிருந்ததையும் சுட்டிக்காட்டியது.

காரணமா, அடையாளமா?

இதுகாறும் கூறியவை ஒட்டுறவின் செய்திகள். ஒட்டுறவு காரணத்தை நிரூபிப்பதில்லை என்பது புள்ளியியலின் பாலபாடம். அது இவ்விஷயத்தில் எவ்வளவு தூரம் மெய்யாகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இயல்பாகவே படிப்பில் ஊக்கமுள்ள பிள்ளை நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் நிரப்பும், செயலி கொடுத்தாலும் முடிக்கும். வீட்டில் தனி அறையும் தனிக் கைப்பேசியும் உள்ள பிள்ளைக்கு ஈடுபாடும் எளிது, மதிப்பெண்ணும் எளிது. இத்தகைய நிலையில் தளத்தின் பதிவு, முன்பே இருந்த ஒரு நன்மைக்கு அடையாளமாகி நிற்குமேயன்றி, அந்நன்மையைப் படைத்ததாகாது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த பாடங்களின் ஆறாண்டுக் கணக்கை ஆராய்ந்து ரைக், ருயிபெரேஸ்-வலியென்டே ஆகியோர் 2019இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகூரத்தக்கது: 2017–18இல் சேர்ந்தோருள் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே; சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களிடையே அவ்விகிதம் பாதியை நெருங்கியது. பாடம் ஒன்றே, வந்தவர்களின் நோக்கமும் நிலையும் வேறு.

இக்குழப்பத்தை நீக்கும் வழி, சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு வாய்ப்பளித்துச் சிலருக்கு அளிக்காமல் ஒப்பிடும் பரிசோதனையே. அவ்வகையில் இந்தியா உலகுக்கே பாடம் சொல்லியிருக்கிறது. பானர்ஜி, டுஃப்ளோ முதலியோர் வதோதராவில் நடத்தி 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கணினிக்கு இருவராக அமர்ந்து கணக்கு விளையாட்டுகளைச் செய்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் 0.47 திட்டவிலக்க அளவு முன்னேறினர். கல்விப் பரிசோதனைகளில் இது பெரும் முன்னேற்றமாகவே கருதப்படும். ஆனால் அடுத்த ஆண்டே லிண்டன் குஜராத்தில் நடத்தி வெளியிட்ட ஆய்வு எதிர்ச் செய்தியொன்றையும் தாங்கி வந்தது. அங்கே கணினி நேரத்தைப் பள்ளி நேரத்துக்குள் புகுத்தி, நல்ல முறையில் நடந்துகொண்டிருந்த போதனைக்குப் பதிலாக வைத்தபோது பிள்ளைகள் 0.57 திட்டவிலக்க அளவு பின்தங்கினர். அதே கணினியைப் பள்ளி முடிந்தபின் கூடுதலாக வைத்தபோது 0.28 முன்னேறினர்.

முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோர் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்னும் தளத்தைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட பரிசோதனை, நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 619 நடுநிலைப்பள்ளி மாணாக்கருள் குலுக்கலில் வென்றவர்கள் மாலையில் ஒரு மையத்துக்கு வந்தனர். பாதி நேரம் அவரவர் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கணினியிலும், பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரிடமும் பயின்றனர். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க முன்னேற்றம் கண்டனர். வந்த நாள்கள் கூடக் கூடப் பயனும் கூடிற்று. ஈடுபாடு தேர்ச்சியைத் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது அரிது. ஆயினும் அவ்வாய்வின் மற்றொரு செய்தியைப் பலர் கவனியாமல் விட்டுவிடுகின்றனர்: அப்பிள்ளைகள் தங்கள் வகுப்புக்குரிய தரத்தினின்றும் பல படிகள் கீழே இருந்தமையால், தளம் அவர்களை அவர்கள் நின்ற படியிலிருந்து ஏற்றியபோதும், பள்ளி நடத்திய கணிதத் தேர்வில் அம்முன்னேற்றம் தெளிவாகப் புலப்படவில்லை. கற்றல் நிகழ்ந்தது, மதிப்பெண் அதை அறியவில்லை.

சாதனத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்குத் தென்னமெரிக்காவின் பெரு நாடு விடை சொல்லிற்று. அங்கே 319 பள்ளிகளில், பிள்ளைக்கொரு மடிக்கணினித் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை. இதற்கு மாறாக, போட்ஸ்வானாவில் கொரோனாக் காலத்தில், சாதாரணக் கைப்பேசியில் வாரந்தோறும் ஓர் ஆசிரியர் அழைத்துச் சில நிமிஷங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் 0.12 திட்டவிலக்க முன்னேற்றம் தென்பட்டது. குறுஞ்செய்தி மட்டும் சென்ற வீடுகளில் அது தென்படவில்லை. விலையுயர்ந்த சாதனம் தோற்ற இடத்தில் எளிய சாதனம் வென்றதற்குக் காரணம், மறுமுனையில் விடையை எதிர்பார்த்து ஒரு மனிதர் இருந்ததேயாகும்.

பள்ளிகள் மூடிக் கிடந்த காலம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன; ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பர் 1ஆம் தேதியும், அதற்குக் கீழுள்ளவர்களுக்கு நவம்பர் 1ஆம் தேதியும்தான் அவை மீண்டும் முறையாகத் திறந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் ஒரே காலத்தில் திரையை நம்பிய ஆண்டுகள் இவை. ஆனால் ஈடுபாட்டுக்கும் தேர்ச்சிக்கும் உள்ள உறவை அளக்க வேண்டுவோர்க்கு இவ்வாண்டுகள் ஏமாற்றமே அளிக்கின்றன. அளவுகோல் மறைந்துபோனதே அதற்குக் காரணம். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடைபெறாமல், காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதமும் வருகைப் பதிவுக்கு 20 சதவீதமும் வழங்கித் தேர்ச்சி கணிக்கப்பட்டது. 2021இல் பிளஸ் டூ தேர்வும் இல்லை; பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீடுகளிலிருந்து 30 என்று கூட்டிக் கொடுத்த மதிப்பெண்ணில் அனைவரும் தேறினர். ஓராண்டு முழுதும் திரையின்முன் கண்விழித்துப் படித்த பிள்ளைக்கும், ஒருநாளும் உள்நுழையாத பிள்ளைக்கும் அவ்வாண்டின் ஈடுபாடு மதிப்பெண்ணில் ஏறக்குறைய வேறுபாடே செய்யவில்லை.

பட்டாசு வட்டாரத்தில் அந்நாளைய நிலைமையை இன்னும் அருகே நின்று பார்ப்போம். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, திருத்தங்கல் முதலிய ஊர்ப்புறங்களில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஆலைகளின் வண்டிகள் வந்து தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும். ஏறுபவர்களுள் பெண்களே பெரும்பான்மையோர். சரம் பின்னுதலும், திரி செருகுதலும், குழாயில் மருந்து செலுத்துதலும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வேலைகள். வெடிமருந்து புழங்கும் இடமாதலால் கைப்பேசியை வேலையறைக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட்போனைத் தாயோ தந்தையோ உடன் எடுத்துச் சென்றால், பகல் முழுதும் அது ஆலை வாயிலில் உறங்கும். வீட்டில் விட்டுச் சென்றால், மூத்தவளுக்கும் இளையவனுக்கும் ஒரே மணிக்கு வகுப்பு இருக்கும்போது யாருக்கு அது என்ற வழக்கு எழும். ஆகவே ஆசிரியர் வாட்ஸ்அப்பில் காலையில் அனுப்பிய பாடம் இரவு எட்டு மணிக்குமேல் திறக்கப்பட்டதும், வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிப் படம்பிடித்து அனுப்பியது நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்ததும் இங்கே இயல்பான காரியங்கள். இத்தகைய பிள்ளையைத் தளத்தின் கணக்கு, நேரத்துக்கு வராத மாணாக்கர் என்றே எழுதிக்கொள்ளும். தாயின் வேலை நேரத்தைத்தான் தான் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இது இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரிய இடர் அன்று. 2021ஆம் ஆண்டின் அசர் என்னும் கல்வி நிலை அறிக்கை, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுள் ஸ்மார்ட்போன் உள்ளவை 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 67.6 சதவீதமாக உயர்ந்ததையும், அவ்வாறு போன் உள்ள வீடுகளிலும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிட்டாததையும் ஒருங்கே காட்டிற்று. கல்வித் தொலைக்காட்சி இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது; கைப்பேசி இல்லாத வீட்டிலும் அது எட்டிப் பார்த்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை: பிள்ளை பார்த்ததா என்பதற்குப் பதிவும் இல்லை, கேள்வி கேட்டால் விடையும் இல்லை. இவ்வாறு, அதிகம் பேரை எட்டிய சாதனம் ஈடுபாட்டைக் குறித்து மௌனம் சாதிக்க, ஈடுபாட்டைத் துல்லியமாகக் குறித்துவைத்த சாதனங்கள் வசதியுள்ள சிலரையே எட்டின. எனவே அக்காலத்துப் பதிவுகளை மட்டும் கொண்டு முடிவுகட்டும் ஆராய்ச்சி, போன் வாய்த்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியாகவே முடியும்.

விளைந்த இழப்பையும் மீட்சியையும் அளந்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டைப் பற்றியே உண்டு. சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்ததில், 2021 டிசம்பரில் அவர்கள், 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைக் காட்டிலும் கணிதத்தில் 0.73 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களைப் பிள்ளைகள் அக்கா என்றே அழைத்தார்கள். ஒன்றரை ஆண்டுத் திரை கொடுக்கத் தவறியதை, சில மாத நேர்முகம் பெருமளவு கொடுத்துவிட்டது என்பது உணரத்தக்கது.

கல்லூரிகளும் புதன்கிழமை இரவும்

கல்லூரியில் நிலைமை வேறு. மாணாக்கரிடம் சொந்தக் கைப்பேசி உண்டு. 2021இன் தொடக்கத்தில் அரசு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணாக்கருக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டாவை நான்கு மாதங்களுக்கு இலவசமாக வழங்கியது. என்பிடெல் பாடங்களை எடுத்து அவற்றின் மதிப்பைப் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அப்பாடங்களின் அமைப்பு, ஈடுபாட்டையும் தேர்ச்சியையும் தனித்தனியே எடைபோட்டுக் காட்டுவதால் ஆராய்ச்சிக்கு உகந்தது. வாரந்தோறும் ஒரு பயிற்சித் தாள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. முன்னதில் 10உம் பின்னதில் 30உம் பெற்றால்தான் சான்றிதழ்.

பயிற்சித் தாளுக்குக் கெடு பெரும்பாலும் புதன்கிழமை நள்ளிரவு. அன்றிரவு விடுதிகளில் நிகழ்வதை அறியாத பேராசிரியர் இல்லை: வகுப்புக் குழுவில் ஒருவர் விடைகளைப் போடுகிறார், யூடியூபில் முன்கூட்டியே வந்துவிட்ட விடைக் காணொளியை இன்னொருவர் அனுப்புகிறார், பதினைந்து நிமிஷத்துக்குள் அறை முழுவதும் தாளை முடித்துவிட்டுப் படுத்துவிடுகிறது. தளத்தின் கணக்கில் அனைவரும் சிரத்தையாளர். காணொளியையே பாராமல் 25க்கு 24 பெற்றவர், இறுதித் தேர்வில் 75க்கு 30ஐ எட்டத் தவிக்கும்போதுதான் பதிவான ஈடுபாட்டுக்கும் நிகழ்ந்த ஈடுபாட்டுக்கும் உள்ள தூரம் புலனாகிறது. பயிற்சியைச் செய்வதே கற்றலின் வழி என்று கோடிங்கர் கண்டது மெய்யே. அதற்கு மதிப்பெண் விலை வைத்து, செய்தவர் யார் என்று கேளாமல் விட்டுவிட்டால், அப்பதிவு தன் பொருளை இழந்துவிடுகிறது. அதே பாடத்தை ஒரு பேராசிரியர் வாரம் ஒருமுறை வகுப்பில் எடுத்துக்கொண்டு, இக்கணக்கை எவ்வாறு செய்தாய் என்று கரும்பலகையில் செய்துகாட்டச் சொல்லும் இடத்தில் புதன்கிழமை இரவின் இயல்பே மாறிவிடும்.

எந்த அளவுகோலால் அளப்பது?

உறவின் ஒரு முனையாகிய ஈடுபாட்டைப் போலவே மறுமுனையாகிய தேர்ச்சியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தேறும் ஒரு மாவட்டத்தில், எந்தத் தளமும் தேர்ச்சி விகிதத்தை மேலும் உயர்த்திக் காட்டுவதற்கு இடமில்லை.  ஆதலால், தளம் வந்தபின்னும் தேர்ச்சி உயரவில்லை என்று கூறுவதும், தளத்தால்தான் தேர்ச்சி உயர்ந்தது என்று கூறுவதும் இங்கே ஒருசேரப் பொருளற்றவை. மினிமம் மெட்டீரியலைக் கொண்டு தேறிய பிள்ளையின் மதிப்பெண், அவருடைய உண்மையான கணித அறிவைவிட உயர்ந்து நிற்கக்கூடும். டெல்லியில் கண்டபடி, தளத்தால் உண்மையாகவே முன்னேறிய பிள்ளையின் மதிப்பெண் அம்முன்னேற்றத்தைக் காட்டாமலும் போகலாம். மாவட்டத்தின் முதலிடமும் முன்னேற விழையும் மாவட்டம் என்ற பெயரும் ஒரே ஆண்டில் பொருந்தியிருந்ததன் சூட்சுமம் ஓரளவு இதனால் விளங்கும்: தேர்ச்சி விகிதம் குறைந்தபட்ச எல்லையைக் கடந்தவர்களை எண்ணுகிறது, கடந்தபின் எவ்வளவு தூரம் செல்ல வல்லவர்கள் என்பதை அது சொல்வதில்லை.

முடிபு

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்குமிடத்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. இணையத் தளத்தில் காட்டும் ஈடுபாட்டுக்கும் தேர்ச்சிக்கும் நேரான உறவு உண்டு. ஆனால் பார்த்த நிமிஷங்களில் அது மெலிந்தும், செய்து முடித்த பயிற்சிகளில் வலுத்தும் காணப்படுகிறது. அவ்வுறவில் ஒரு பங்கு, முன்பே ஊக்கமும் வசதியும் உள்ளவர்கள் இரண்டிலும் முந்துவதால் விளைவது. எஞ்சிய பங்கு, தளம் போதனைக்குப் பதிலாக அன்றித் துணையாக வரும்போதும், பிள்ளையின் விடையைப் பார்த்துத் திருத்த ஒருவர் இருக்கும்போதும் மட்டுமே கைகூடுகிறது. சிவப்பு மையால் ஸ்லிப் டெஸ்டைத் திருத்திக்கொடுத்த விருதுநகர் உபாத்தியாயர் அறிந்திருந்ததும், வதோதரா முதல் போட்ஸ்வானா வரை ஆராய்ந்தவர்கள் கண்டதும் அடிப்படையில் ஒன்றே.

இதிலிருந்து நடைமுறைக்கு உரியவை சில பிறக்கின்றன. உள்நுழைவு எண்ணிக்கையைப் பள்ளிகளின் இலக்காக வைப்பது உதவாது. வைத்த மறுநாளே, ஆசிரியரே அனைவருக்கும் உள்நுழைந்து கணக்கை நிறைவு செய்துவிடுவார். திருத்தப்பட்டு மீண்டும் செய்யப்பட்ட பயிற்சிகளை எண்ணுவதே தகும். தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் நேரலை வகுப்பைக் காட்டிலும், பதிவிறக்கி வைத்துக்கொண்டு இரவில் பார்க்கக்கூடிய பாடங்களும், பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தை மாலையில் திறந்துவைக்கும் ஏற்பாடும் பொருத்தமானவை. பொதுத் தேர்வுக்கு முந்திய மாதங்களில் புதிய செயலிகளைத் திணிப்பதைவிட, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில், பிள்ளை நின்ற படியிலிருந்து ஏற்றும் பயிற்சிக்கு அவற்றைப் பயன்படுத்துவது அறிவுடைமை.

இம்முடிபைச் சோதிக்கும் வசதியும் இம்மாவட்டத்துக்கு உண்டு. மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் என்னும் கல்வித் தகவல் பதிவேட்டில் ஓர் எண் இருக்கிறது, ஆய்வகங்கள் இருக்கின்றன, மாலையில் சொல்லிக்கொடுத்துப் பழகிய தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஒன்றியங்களின் நடுநிலைப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே தளத்தையும் ஒரே மாலை நேரத்தையும் அளித்து, ஒன்றில் மட்டும் விடைகளைத் திருத்தித் தர ஓர் ஆளை அமர்த்தி, ஈராண்டு கழித்து, தேர்ச்சி எல்லையை அல்லாமல் கற்றற்படியை அளக்கும் தேர்வால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருத்துவோர் இல்லாத பள்ளிகளும் அதே அளவு முன்னேறியதாகத் தெரியவந்தால், இக்கட்டுரை கண்ட முடிபை மாற்றிக்கொள்ள வேண்டியதே. அதுவரையில் செயலிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, விடைகளைப் பார்க்கும் கண்களுக்கும் ஒதுக்கிவைப்பதே நியாயமாகும்.